கடைக் கண்ணாடிக்கு எத்தனை நாள் தவணை? யாழ்ப்பாணத்தில் கண்ணாடி துடைக்கும் தொழிலுக்குப் புதிதாக வருவோருக்கு

கண்ணாடி துடைக்கும் தொழிலில் இறங்கும் ஒருவரிடம் கடை முதலாளி கேட்கும் முதல் கேள்வி, "எவ்வளவு தம்பி?" இரண்டாவது, "எத்தனை நாளைக்கு ஒருக்கா வருவீர்?" முதல் கேள்விக்கு எல்லோரும் ஆயத்தமாகப் போகிறார்கள். இரண்டாவதற்கு, "மாசம் ஒருக்காக் காணும் அண்ணை" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். பிறகு மூன்றாம் கிழமையே முதலாளி தொலைபேசி எடுத்து, கண்ணாடி கிடக்கிற கிடையைப் பாரும் என்று சத்தம் போடுவார். அல்லது நாலாம் கிழமை போய் நிற்கும்போது, "இது துப்பரவாத்தானே கிடக்கு, இதுக்கேன் காசு" என்பார். இரண்டுமே தவணையைப் பிழையாகச் சொன்னதால் வருகிற வினை. விலையும் தவணையைப் பொறுத்ததுதான், ஆகவே இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் முதலாவதற்கு விலை சொல்லவே கூடாது.

ஒரு கட்டடத்துக்கு ஒரு தவணை என்று வைக்காதீர்கள். கண்ணாடிக்குக் கண்ணாடி தவணை வேறு. ஸ்ரான்லி வீதியில் ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே பாமசி, முதலாம் மாடியில் ஒரு லீசிங் கொம்பனி, அதற்கு மேலே ஒரு வகுப்பறை. பாமசியின் கதவுக் கண்ணாடியில் காலை திறந்து ஒரு மணித்தியாலத்திலேயே கைரேகை ஏறிவிடும். அதே கடையின் முன் கண்ணாடியில் வீதிப் புழுதி ஒரு கிழமையில் கண்ணுக்குத் தெரியும். லீசிங் கொம்பனியின் வெளிக் கண்ணாடியை வீதியில் நின்று யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை, இரண்டு மாதம் பொறுக்கும். வகுப்பறைக்கு வருடத்தில் இரண்டு தரம் போதும், அதுவும் பிள்ளைகள் ஒட்டிய ஸ்டிக்கரைச் சுரண்டத்தான். இவ்வளவுக்கும் சேர்த்து "மாதம் ஒருக்கா" என்றால், கதவுக்குப் போதாது, மேல்மாடிக்கு வீண்.

முதலில் சுற்றி நடவுங்கள்

விலை கேட்கக் கூப்பிட்டால் உடனே முன்வாசலில் நின்று கண்ணாடிகளை எண்ணத் தொடங்க வேண்டாம். கட்டடத்தை ஒருமுறை முழுதாகச் சுற்றுங்கள். ஒரு தாளில் நாலு பக்கத்தையும் கீறி, எது தெற்கு, எது வடக்கு என்று குறியுங்கள். திசை ஏன் முக்கியம் என்பது கீழே வரும். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு போவது நல்லது. சாய்ந்த வெயிலில் கண்ணாடியின் உண்மையான நிலை தெரியும். உச்சி வெயிலில் எல்லாக் கண்ணாடியும் துப்பரவாகத்தான் தெரியும்.

நடக்கும்போது நான்கைந்து விஷயங்களைப் பாருங்கள். மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி நிரம்பி வழியும் குழாய் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது? அதன் கீழே உள்ள யன்னலில் வெள்ளைக் கோடு நிச்சயம் இருக்கும். ஏசியின் வெளிப்பெட்டி எங்கே, அதன் தண்ணீர் எங்கே சொட்டுகிறது? காகம் வந்து குந்தும் வயர் அல்லது மரக்கொப்பு கண்ணாடிக்கு நேரே இருக்கிறதா? மின்கம்பி எவ்வளவு கிட்ட ஓடுகிறது? உங்களுக்குத் தண்ணீர் எந்தக் குழாயில் தருவார்கள்? கடைசிக் கேள்விதான் யாழ்ப்பாணத்தில் மிக முக்கியமானது.

யார் தொடுகிறார்கள், என்ன படிகிறது

கண்ணாடி மூன்று வழியில் அழுக்காகிறது: கை படுகிறது, காற்று கொண்டுவருகிறது, அடுப்பு அனுப்புகிறது. இந்த மூன்றில் எது அதிகம் என்று பார்த்தால் தவணை பாதி தெரிந்துவிடும்.

கைபடும் கண்ணாடியை உங்கள் தவணையில் சேர்க்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கதவுக் கண்ணாடி, காசாளர் மேசைக்கு முன்னால் நிற்கும் தடுப்பு, நகைப் பெட்டிகளின் மேல்மூடி, இவையெல்லாம் தினமும் துடைக்க வேண்டியவை. அதற்கு உங்களைத் தினமும் கூப்பிட எந்தக் கடைக்கும் கட்டாது. கடையில் காலையில் கூட்டித் துடைக்கும் அக்காவுக்கு ஒரு நல்ல மைக்ரோபைபர் துணியைக் கொடுத்து, எப்படித் துடைப்பது என்று காட்டிவிட்டு வாருங்கள். தொழிலை மற்றவருக்குப் பழக்கிவிடுகிறோமே என்று பயப்படத் தேவையில்லை. கதவு பளிச்சென்று இருந்தால்தான் நீங்கள் துடைத்த மற்றக் கண்ணாடியும் எடுபடும்.

கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளும் பெரிய புடவைக் கடைகளும் கண்ணாடியைக் காட்டித்தான் வியாபாரம் செய்கின்றன. முன் கண்ணாடியின் வெளிப்பக்கம் கிழமைக்கு ஒருக்கா, உட்பக்கம் இரண்டு கிழமைக்கு ஒருக்கா என்று தொடங்கலாம். நகைக்கடையில் உள்ளே இருக்கும் விளக்குகளின் வெளிச்சம் கடுமையானது, அதில் ஒரு சின்னக் கோடும் மறையாது. கடை திறக்க முன் வேலையை முடித்துவிடுங்கள். பெட்டிகளில் பொருளை அடுக்கும் நேரத்தில் வெளியாள் உள்ளே நிற்பதை எந்த முதலாளியும் விரும்ப மாட்டார், உங்களுக்கும் அது நல்லதல்ல.

சாப்பாட்டுக் கடை வேறு சாதி. வாசலில் வடையும் றோல்சும் பொரிக்கிற கடையென்றால் கிழமைக்கு இரண்டு தரம் வேண்டும். எண்ணெய்ப் புகை கண்ணாடியில் மெல்லிய படையாக ஒட்டும், அதன் மேலே வீதிப் புழுதி வந்து குந்தும், இரண்டும் சேர்ந்து வெயிலில் இறுகும். இரண்டு கிழமை விட்டால் சாதாரணத் தண்ணீருக்கு அசையாது. சுடுதண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில துளி விட்டு, முதலில் எண்ணெயை எடுத்து, பிறகு புதுத் தண்ணீரில் இரண்டாம் முறை துடைக்க வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் இரண்டையும் செய்தால் எண்ணெயைக் கண்ணாடி முழுக்கப் பூசுவதாகத்தான் முடியும். இங்கே உட்பக்கம் வெளிப்பக்கத்தை விட மோசமாக இருக்கும், ஆகவே இரண்டுக்கும் ஒரே தவணை. சமையலறை பின்னால் இருக்கும் உணவகத்துக்கும் கூல்பாருக்கும் கிழமைக்கு ஒரு தரம் போதும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொலைபேசிக் கடை, பாமசி, புத்தகக் கடை: இரண்டு கிழமை. வங்கி, காப்புறுதி அலுவலகம்: கீழ்த்தளத்தின் வெளிப்பக்கம் இரண்டு கிழமை, உட்பக்கம் மாதம் ஒருக்கா, மேல்மாடி வெளிப்பக்கம் மூன்று மாதம். கண்டி வீதியோரத்து வாகனக் காட்சியறை: கிழமைக்கு ஒருக்கா. ஒழுங்கைக்குள் வீடு எடுத்து நடத்தும் நிறுவனக் கந்தோர்கள்: வெளியே மூன்று மாதம், உள்ளே ஆறு மாதம். அவர்களிடம் இதற்கு மேல் தள்ளி விற்க முனையாதீர்கள்.

தனியார் வைத்தியசாலையில் வேலை கிடைத்தால் நோயாளர் பகுதியை அவர்களுடைய துப்புரவாளர்களே பார்க்கட்டும். நீங்கள் வெளிக் கண்ணாடியை மாதம் ஒருக்கா எடுங்கள். அங்கே பாவித்த துணியை அடுத்த கடைக்குக் கொண்டுபோகக் கூடாது.

சோளகமும் வாடையும்

வெளியூர் வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறும் இடம் இது. வருடம் முழுக்க ஒரே தவணை யாழ்ப்பாணத்தில் சரிவராது.

வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் இந்தக் காற்று, நகரப் பக்கத்துக்குக் கடல் நீரேரியைத் தாண்டித்தான் வருகிறது. மழையும் இல்லாத காலம். பண்ணை, குருநகர், பாசையூர்ப் பக்கம் தெற்கையும் மேற்கையும் பார்த்த கண்ணாடிகளில் உப்புப் படை ஏறும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாலே தெரியும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரத்தில் புழுதி ஒட்டும். அலுமினியச் சட்டத்தையும் உப்பு அரிக்கும், ஆகவே கண்ணாடியோடு சட்டத்தையும் கழுவிவிடுங்கள். இந்த மாதங்களில் அந்தப் பக்கக் கண்ணாடிகளின் தவணையைப் பாதியாக்க வேண்டும். மாதம் ஒருக்கா இருந்தது இரண்டு கிழமையாக வரும். அதே கட்டடத்தின் வடக்குப் பக்கத்துத் தவணையை மாற்றத் தேவையில்லை. திசையைத் தாளில் குறிக்கச் சொன்னது இதற்குத்தான்.

கோண்டாவில், சுன்னாகம் பக்கம் உப்பு குறைவு, செம்பாட்டு மண் அதிகம். உழுத தோட்டங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் கடையென்றால் சோளகத்தில் கண்ணாடி சிவந்துபோகும். இந்தப் புழுதியைக் காய்ந்த துணியால் ஒருபோதும் துடைக்க வேண்டாம், மண்துகள் கண்ணாடியைக் கீறும். முதலில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுத்தான் துணியை வைக்க வேண்டும்.

ஐப்பசிக்குப் பிறகு காற்று திரும்பும். வாடை வடகிழக்கிலிருந்து வரும், மாரியும் கூடவே வரும். இப்போது பருத்தித்துறை, வல்வெட்டித்துறை, காங்கேசன்துறைக் கரையில் கடல் கொந்தளிக்கும், அங்கே வடக்கைப் பார்த்த கண்ணாடிதான் உப்பேறும். நகரத்தில் மழையே கண்ணாடியைக் கொஞ்சம் கழுவிவிடும். ஆனால் கீழ்த்தளக் கண்ணாடியின் அடிப்பகுதி ஒரு முழ உயரத்துக்குச் சேறு தெறித்துக் கிடக்கும். மாரியில் மேல்மாடியைத் தள்ளிப்போட்டு, கீழ்த்தளத்தை வழமைபோலவே செய்யலாம். மார்கழி, தையில் காலைப் பனி கண்ணாடியில் இறங்கிப் புழுதியோடு கோடு கோடாக வழியும். அப்போது விடியற்காலையில் போகாதீர்கள், பனி காய்ந்த பிறகு தொடங்குங்கள்.

பிறகு திருவிழாக்கள். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முந்தின கிழமைதான் இந்தத் தொழிலின் உச்சம். ஆடி, ஆவணியில் 25 நாள் நடக்கும் திருவிழா, சோளகத்தின் நடுவிலேயே வருகிறது. வெளிநாட்டிலிருந்து சொந்தங்கள் வந்து விடுதிகளும் நிறைந்திருக்கும். கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனத்துக்கு மூடப்படும், உங்கள் வாளியையும் ஏணியையும் ஓட்டோவில் கொண்டுபோக முடியாது. ஆகவே அந்தப் பக்கத்து வாடிக்கையாளர்களின் பெரிய துடைப்பை முன்கூட்டியே முடித்துவிட்டு, திருவிழாக் காலத்தில் கையில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய சாமானோடு மட்டும் போங்கள். தீபாவளி, நத்தார், தைப்பொங்கலுக்கு முன்னும் எல்லோரும் ஒரே கிழமையில் கூப்பிடுவார்கள். கிழமை வாடிக்கையாளருக்கு முதலிடம், ஒருநாள் வேலைக்குக் கூப்பிடுபவருக்கு மிஞ்சிய நாள் என்று முதலே சொல்லி வையுங்கள்.

தண்ணீர்

குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லுக்குள் ஊறி வருவதால் வன்மை கூடியது. கேத்திலின் அடியில் படியும் அந்த வெள்ளைப் படைதான் கண்ணாடியில் காயும் ஒவ்வொரு துளியிலும் மிஞ்சுகிறது. கரையோரக் கிணறுகளில் உவர்ப்பும் சேரும். நன்றாகத் துடைத்துவிட்டு, ஓரத்தில் வழிந்த தண்ணீரை அப்படியே காய விட்டால் அடுத்த நாள் வெள்ளைப் புள்ளி தெரியும். முதலாளி உங்களைத்தான் குறை சொல்வார்.

வெளிநாடுகளில் நீண்ட தடியின் நுனியில் தூரிகை வைத்து, தாதுக்கள் நீக்கிய தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டுத் தானாகக் காய விடுகிறார்கள். காணொளியில் பார்க்க ஆசையாக இருக்கும். கிணற்றுத் தண்ணீரோடு அதை இங்கே செய்தால் கண்ணாடி முழுக்கப் புள்ளி விழும். அந்த முறைக்குத் தண்ணீரில் கரைந்திருக்கும் தாது லீற்றருக்கு 10 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு வடிகட்டும் கருவி தேவை. தொடக்கத்தில் அந்தச் செலவு வேண்டாம்.

சவர்க்காரத் தண்ணீருக்குக் கிணற்றுத் தண்ணீரையே பாவியுங்கள், ஆனால் றப்பர் வைப்பரால் ஒரே இழுவையில் தண்ணீர் முழுவதையும் எடுத்துவிட்டு ஓரங்களைக் காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். காய விடக் கூடாது. கடைசித் துடைப்புக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் (வடிகட்டித் தாதுக்களைக் குறைத்த தண்ணீர்) கொஞ்சம் கொண்டுபோகலாம். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்து மூடி வைத்தால் அதுவும் மென்மையானது, சல்லிச் செலவில்லை. நேரடி வெயில் படும் சூடான கண்ணாடியில் வேலை செய்ய வேண்டாம். கிழக்குப் பக்கத்தைப் பின்னேரமும் மேற்குப் பக்கத்தைக் காலையிலும் வையுங்கள்.

பழைய வெள்ளைப் படைக்கு வெள்ளை வினாகிரியைத் துணியில் நனைத்து ஒட்டிச் சில நிமிடம் விட்டால் இளகும். வினாகிரி சுண்ணாம்பைக் கரைப்பதால், மாபிள் படியிலோ சுண்ணக்கல் பதித்த சுவரிலோ சிந்தவிடக் கூடாது. கண்ணாடியில் வெயில் மறைக்கும் படலம் ஒட்டியிருந்தால் அமோனியா கலந்த திரவத்தையும் சுரண்டும் பிளேட்டையும் கிட்டவும் கொண்டுபோகாதீர்கள்.

தாங்கி வழியும் குழாய்க்குக் கீழே இருக்கும் யன்னலைப் பற்றி ஒரு வார்த்தை. அதை அடிக்கடி துடைத்து வாடிக்கையாளரிடம் காசு வாங்குவதை விட, குழாயைத் திருப்பி விடச் சொல்லுங்கள். பிளம்பருக்கு அரை மணித்தியால வேலை. அப்படிச் சொல்பவரை முதலாளி மறக்க மாட்டார்.

சோதனைத் துடைப்பு

மேலே சொன்ன தவணைகள் தொடங்குவதற்கானவை. சரியான தவணையைக் கண்ணாடியே சொல்லும். முதல் முறை முழுதாகத் துடைத்த பிறகு, ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கண்ணாடியைத் தெரிந்தெடுத்து ஒரே இடத்தில் நின்று, ஒரே நேரத்தில் படம் எடுங்கள். ஏழாம் நாளும் பதினாலாம் நாளும் அந்தப் பக்கம் போகும்போது மறுபடி எடுங்கள். நனைத்த வெள்ளை ரிஷ்யூவால் மூலையில் ஒரு இழுவை இழுத்துப் பாருங்கள். கடைக்குள் நின்று பார்க்கும்போது எதிர்ப்புறப் பெயர்ப்பலகை மங்கலாகத் தெரியத் தொடங்கும் நாள்தான் எல்லை, தவணையை அதற்கு இரண்டு மூன்று நாள் முன்னால் வையுங்கள்.

அந்தப் படங்களை வட்ஸ்அப்பில் முதலாளிக்கு அனுப்புங்கள். "இந்தப் பக்கத்துக்கு இரண்டு கிழமை வேணும், பின்பக்கத்துக்கு மூன்று மாதம் காணும்" என்று படத்தோடு சொன்னால் வாக்குவாதம் இருக்காது. பின்பக்கத்துக்குக் குறைத்துச் சொன்னதாலேயே முன்பக்கத்துக்குச் சொன்னதை நம்புவார்.

விலையும் எழுத்தும்

முதல் துடைப்புக்குத் தனி விலை. புதுக் கட்டடமென்றால் இன்னும் கூட்டிக் கேளுங்கள், சீமெந்தும் பெயின்டும் தெறித்த கண்ணாடி நாள் முழுக்க வேலை வாங்கும். சீமெந்து நெடுநாள் கிடந்தால் கண்ணாடியையே அரித்துவிடும், அந்தத் தழும்பு போகாது. தொடங்க முன்பே படம் எடுத்துக் காட்டிவிடுங்கள்.

மாதம் ஒருக்காத் துடைக்கும் கண்ணாடி, கிழமைக்கு ஒருக்காத் துடைப்பதைப்போல நாலு மடங்கு நேரம் எடுக்காது. ஆகவே கிழமைத் தவணை வாடிக்கையாளருக்கு மொத்தத்தில் கூடத்தான் செலவாகும். அதை மறைக்க வேண்டாம். ஒரு வருகைக்கான விலையைக் குறைத்துக் கொடுங்கள். அப்படிக் குறைக்க முடிவது, ஒரே வீதியில் பல கடைகள் இருந்தால் மட்டுமே. நகரத்திலிருந்து பருத்தித்துறை 30 கிலோமீற்றருக்கு மேல். அங்கே ஒரேயொரு கடையைக் கிழமைத் தவணையில் எடுத்தால் பெற்றோலுக்கே வேலை செய்ய வேண்டியதுதான். இரண்டு மூன்று கடை சேரும்வரை மாதத் தவணையிலேயே வையுங்கள்.

எழுதிக் கொடுங்கள், ஒரு பக்கம் போதும்: எந்தக் கண்ணாடி, எந்தப் பக்கம், எத்தனை நாளுக்கு ஒருக்கா, சோளகத்தில் எது மாறும், காசு எப்போது. வங்கிகள், பெரிய நிறுவனங்கள் பதிவு கேட்கும், பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து வைத்திருங்கள். ஒவ்வொரு வருகைக்கும் ஒரு கையொப்பம் வாங்கினால் மாத முடிவில் பற்றுச்சீட்டு எழுதச் சண்டை இல்லை.

உயரத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஏணியின் உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரம் அதன் அடி சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும், கீழே ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மின்கம்பி ஓடும் வீதியில் அலுமினிய ஏணியும் அலுமினியத் தடியும் வேண்டாம். முதலாம் மாடிக்கு மேலே உள்ள வெளிக் கண்ணாடியை, கயிற்றில் இறங்கிப் பழகியவர்களிடம் விட்டுவிடுங்கள். சோளகம் பலமாக அடிக்கும் நாளில் ஏணி வேலையை மறுநாளுக்குத் தள்ளினால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

மழைக்கும் ஒரு விதி எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மாரி முழுக்க இதே கதைதான். துடைத்த அன்றே மழை பெய்தால் "திரும்ப வாரும்" என்பார்கள். மழைத்துளி தானாகக் கண்ணாடியை அழுக்காக்குவது குறைவு, துடைக்காமல் விட்ட சட்டத்திலும் மேல்விளிம்பிலும் இருக்கும் புழுதிதான் வழிந்து கோடாகிறது. சட்டத்தையும் துடைத்திருந்தால் பெரும்பாலும் போக வேண்டி வராது. சேறு தெறித்திருந்தால், 24 மணித்தியாலத்துக்குள் கீழ்த்தள முன் கண்ணாடியை மட்டும் ஒரு தரம் இலவசமாகத் துடைத்துக் கொடுப்போம் என்று போடுங்கள். மேல்மாடிக்கு அந்த வாக்கைக் கொடுக்காதீர்கள்.